வழக்கைவிட வட்டிதான் கடித்தது

கூகுள் மீதான ஏகபோக வழக்குதான் தொழில்நுட்பப் பங்குகளுக்குப் பெரிய கண்டம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். ஆப்பிள் கருவிகளில் தானாக வரும் தேடுபொறியாக இருக்க 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்த கதையும் அந்த வழக்கில்தான் வெளிவந்தது. கூகுள் தன் உலாவியான குரோமை விற்க வேண்டியிருக்கும் என்று ஓராண்டு பயமுறுத்தினார்கள். 2025 செப்டம்பரில் விற்கத் தேவையில்லை என்று நீதிபதி சொல்ல, குரோம் தப்பியது. மறுநாளே கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் பங்கு சுமார் 9 சதவீதம் ஏறியது. மலைபோல் வந்தது பனிபோல் போயிற்று.

வட்டி அப்படியல்ல. 2022 மார்ச்சில் பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி, அடுத்த ஆண்டு ஜூலைக்குள் 5.25 சதவீதத்தைத் தாண்டியது. 2022இல் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. அந்த ஆண்டு எந்த நீதிமன்றமும் எந்த நிறுவனத்தையும் உடைக்கவில்லையே! பத்து ஆண்டு கழித்து வரும் 100 டாலருக்கு இன்றைய மதிப்பு 2 சதவீத வட்டியில் 82. 5 சதவீதத்தில் 61தான். "லாபம் பிறகு வரும்" என்று சொல்லி விற்ற பங்குகளுக்கு இதைவிட வேறு அடி எதற்கு? (2021 கடைசியில் வாங்கியவன் சொல்கிறேன்.)

இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து. ஏகபோக வழக்கில் மைக்ரோசாஃப்டுக்கு எதிரான தீர்ப்பு வந்த 2000 ஏப்ரல் 3 அன்று அதன் பங்கு சுமார் 14 சதவீதம் விழுந்தது. வட்டியும் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. நிறுவனத்தை இரண்டாக உடைக்கும் உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இலேயே ரத்து செய்துவிட்டது. பங்கு 1999 உச்சத்தை மறுபடி தொட்டதோ 2016இல்.