‘ஏதோ பூச்சி கடிச்சிருக்கு’ என்று திரும்பிப் படுக்காதீர்கள்

வயலில் படுத்திருந்தவரை ஓநாய்ச் சிலந்தி கடித்துக் கால் அழுகிவிட்டது என்று ஒரு படம் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அழுகிய கால் ஒரு பக்கம், முடி படர்ந்த சிலந்தி ஒரு பக்கம், கீழே ‘உடனே பகிரவும்’. எங்கள் டெல்டா பக்கம் இது கிடை போடும் காலம், அதாவது எருவுக்காக ஆடுகளை இரவில் வயலில் அடைத்து வைக்கும் காலம். சம்பா அறுவடை முடிந்து, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து வயல்களில் இறங்கியிருக்கிறார்கள். வெட்டவெளியில்தான் படுக்கை. எங்கள் வயலில் கிடை போட்டிருக்கும் அண்ணன் போனை என்னிடம் நீட்டி, “தம்பி, இது நெசமா?” என்று கேட்டார். அதற்கு முன்பே படுக்கிற இடத்தைச் சுற்றிப் பூச்சிமருந்துத் தூளை வட்டமாகத் தூவி முடித்திருந்தார். அந்த வட்டத்துக்குள்தான் அவர்களுடைய தண்ணீர்க் குடமும் இருந்தது.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஓநாய்ச் சிலந்தியால் ஆபத்து இல்லை. ஆனால் ‘சிலந்தி கடிச்சிருக்கும்’ என்கிற நினைப்பால் ஆபத்து உண்டு, அதுவும் உயிருக்கே.

முதலில் சிலந்தியைப் பார்த்துவிடலாம். அறுத்த தாளுக்குள்ளும் வரப்பு ஓரத்திலும் காலடி வைத்தால் சரசரவென்று ஓடுகிறதே சாம்பல், பழுப்பு நிறத்தில், அதுதான். வலையில் உட்கார்ந்து காத்திருக்காமல் ஓடிப் பிடித்துத் தின்பதால் இந்தப் பெயர். (இந்தக் குடும்பத்திலேயே வலை பின்னும் சிலதும் உண்டு. பனிக்காலக் காலையில் வரப்புப் புல்லில் கைக்குட்டை விரித்தாற்போல் தெரியும் வலைகளில் சில அவற்றுடையவை.) நடவு வயலில் தண்ணீர் மேலேயே ஓடும் சின்ன வகை ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். வரப்பில் வளை தோண்டி இருக்கும் பெரிய வகை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வரும். அதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பக்கென்றுதான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

இரவில் டார்ச் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, அல்லது கண்ணுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, அறுத்த வயலைப் பாருங்கள். தரையெல்லாம் பச்சையும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். பனித்துளி என்று நினைப்பீர்கள். ஒரு பொட்டை விடாமல் நோக்கி நடந்து போனால் அங்கே ஒரு சிலந்தி உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எட்டுக் கண்ணில் நடுவில் இருக்கும் இரண்டு பெரியவை. அவற்றின் பின்னால் மாட்டுக் கண்ணில் இருப்பது போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. டார்ச்சை இடுப்புக்கு இறக்கினால் மினுக்கம் அடங்கிவிடும். முட்டையிட்ட பெண் சிலந்தியாக இருந்தால் பின்புறம் வெள்ளை உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் முட்டைப் பை. குஞ்சு பொரித்த பிறகு எல்லாக் குஞ்சும் அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்ளும். முதுகே தெரியாது, மேலே ஏதோ நெளிவதுதான் தெரியும். அந்த நிலையில் துடைப்பத்தால் அடித்தவர்கள், ‘ஒண்ணு செத்து நூறு ஓடிச்சு’ என்று பேய்க்கதை மாதிரி சொல்வது இதைத்தான்.

ஒரு ராத்திரி அப்படிப் பார்த்தாலே ஒன்று புரியும். கீதாரிகள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பொட்டுகளின் நடுவில்தான் தூங்குகிறார்கள். கடிக்க வேண்டும் என்று அது வருவதாக இருந்தால் ஒருவர் மிச்சம் இருக்க மாட்டார். உடம்புக்கடியிலோ துணி மடிப்பிலோ மாட்டி நசுங்கினால்தான் அது கடிக்கும். கடித்தால் சுருக்கென்று வலி, கொஞ்சம் வீக்கம், சிவப்பு, அரிப்பு. சோப்புப் போட்டுக் கழுவிச் சொறியாமல் விட்டால் தானாக ஆறிவிடும். ஒவ்வாமை உள்ளவர்கள் எந்தக் கடிக்கும் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘அதெல்லாம் சரி, என் மாமாவுக்குச் சிலந்தி கடித்துப் புண் வைத்ததே’ என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரேசிலில் இதே குடும்பத்துச் சிலந்தி சதையை அழுக வைக்கும் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். வெறும் நம்பிக்கையோடு நிற்கவில்லை, அதற்கென்றே விஷமுறிவு மருந்தே தயாரித்தார்கள். அப்புறம் சாவ் பாவ்லோவில் மருத்துவர்கள், ஓநாய்ச் சிலந்தி கடித்து வந்த 515 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சதை அழுகவில்லை. 1990இல் அந்த ஆய்வு வெளியானது. அழுகலுக்குக் காரணம் வேறொரு சிலந்தி, பழி விழுந்தது இதன் மேல். மருந்துத் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கடித்த சிலந்தியைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தவர்களை மட்டும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2004இல் வெளிவந்தது. ஓநாய்ச் சிலந்திக்கடி 45 பேருக்கு. அங்கேயும் வலி உண்டு, புண் இல்லை. கடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தது என்பதால் எனக்கு இந்த ஆய்வு மேல் தனி மரியாதை. நம் ஊரில் ‘சிலந்தி கடித்தது’ என்பவர்களில் சிலந்தியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? மாமாவுக்கு சர்க்கரை இருந்ததா என்றும் சேர்த்துக் கேளுங்கள். சின்னக் கீறலில் கிருமி ஏறினாலே சர்க்கரைக்காரர் காலில் அந்தப் படத்தில் இருப்பது போன்ற புண் வந்துவிடும்.

காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு கோடாக எரிச்சல், கொப்புளம், ‘சிலந்தி மூத்திரம் பட்டுடுச்சு’ என்பார்கள். அதுவும் சிலந்தி வேலை கிடையாது. நெல் வயலில் இருக்கும் செம்மஞ்சளும் கருப்புமான சின்ன வண்டு ஒன்று, மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். ஆசிட் பூச்சி என்கிறார்கள். அது கடிப்பதில்லை. மேலே ஊர்வதை நாம் தேய்த்து நசுக்குவதால் அதன் உடம்பு நீர் பட்டுத் தோல் வெந்துபோகிறது. தட்டாமல் ஊதிவிட்டால் போதும்.

நம் பக்கத்திலும் இலங்கையிலும் கடித்தால் உண்மையிலேயே பாடுபடுத்தும் சிலந்தி ஒன்று உண்டு. மரப்பொந்துகளிலும் பழைய வீடுகளிலும் இருக்கும் பெரிய சிலந்தி, யாழ்ப்பாணத்தில் புலிமுகச் சிலந்தி என்பார்கள். கடித்தால் கடுமையான வலி, தசைப்பிடிப்பு எல்லாம் வரும், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அது வரப்பில் ஓடும் ஜீவன் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வெளியில் படுப்பவரைக் கொல்வது கட்டுவிரியன் பாம்பு. எலி வளை இருக்கும் இடத்துக்கு எலியைத் தேடி வரும், தரையில் படுத்திருப்பவர் மேல் ஏறும், புரண்டு படுக்கும்போது கடிக்கும். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், விடிவதற்குள். அந்தக் கடி பெரிதாக வலிக்காது. வீங்காது. பல் குறிகூடப் பல பேருக்குத் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் சுருக் என்கிறது, எழுந்து கையால் தடவிப் பார்க்கிறார், பக்கத்தில் ஒரு சிலந்தி ஓடுகிறது. ‘ஏதோ பூச்சி’ என்று திரும்பிப் படுத்துவிடுகிறார். விடியற்காலையில் வயிறு முறுக்கி வலிக்கிறது, வாந்தி வருகிறது, தொண்டை அடைக்கிறது, இமை தூக்க முடியாமல் சரிகிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். அதற்குள் மூச்சுவிடும் தசையே செயலிழக்க ஆரம்பித்திருக்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 58,000. ஓநாய்ச் சிலந்திக்கடியில் இறந்தவர் என்று நான் எங்கும் படித்ததில்லை.

செந்தேளும் இப்படித்தான், வலியைவிடப் பின்னால் வருவது மோசம். கொட்டிய பிறகு வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, மூச்சு வாங்கினால் இதயத்தைத் தாக்கிவிட்டது என்று அர்த்தம். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரையை வைத்து இதற்கு வழி கண்டார். நேரத்துக்குப் போனால் பிழைக்கலாம்.

அப்புறம் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் பல பேருக்குப் பீடியால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், வலிக்காது. அதுவும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று நாம் காட்டக் கூச்சப்படும் இடத்தில். இதைப் பார்த்துத்தான் ‘சிலந்தி கடி’ என்று மஞ்சள் வைக்கிறார்கள். காய்ச்சலுக்குத் தனியாக மாத்திரை போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் சொன்னால் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்தில் முடிகிற விஷயம். சொல்லாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

ஆக அந்தத் தூள் வட்டம் எதைத் தடுத்தது? பாம்பு தாண்டி வரும். சிலந்தி சாகும். குடத்துத் தண்ணீரில் விஷம் கலக்கும். வயல்காரனாக எனக்கு இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. இந்தச் சிலந்தி ஒன்று ஒரு நாளில் ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை தின்னும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை அடிமட்டத்திலேயே தின்று குறைப்பது இதுதான். மருந்தடித்தால் வெளியே ஓடித்திரியும் சிலந்திதான் முதலில் சாகும், இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிவிடும். பொரித்து வரும்போது தின்ன ஆள் இல்லை. இந்தோனேசியாவில் இது நடந்து, நடந்து, கடைசியில் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை அரசே தடை செய்தது.

அண்ணனிடம் தூளை வழித்து எடுத்துப் புதைக்கச் சொன்னேன், குடத்தையும் மாற்றினோம். அந்தக் காசுக்குக் கொசுவலை வாங்கலாம். கயிற்றுக் கட்டிலில் படுத்து வலையை நான்கு பக்கமும் படுக்கைக்கு அடியில் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் பயன் இல்லை. வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்பதை நேபாளத்தின் தென்கிழக்குக் கிராமங்களில் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். “கட்டிலை ஊர் ஊரா எங்க தம்பி தூக்குறது” என்றார். நியாயம்தான். கட்டில் இல்லாவிட்டாலும் பாய்க்கடியில் வலையைச் செருகலாம். வரப்பை ஒட்டியும் வைக்கோல் போருக்குப் பக்கத்திலும் படுக்காமல் நடு வயலுக்கு வரலாம். சோற்று மிச்சத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொட்டாமல் இருந்தால் எலி வராது.

இரவில் எது சுருக்கென்றாலும் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிச் சொல்லிவிடுங்கள். இமை சரிந்தால், காரணமே இல்லாமல் வயிறு வலித்தால், பல் குறியைத் தேடிக்கொண்டிருக்காமல் 108க்கு அடியுங்கள். கடிவாயைக் கீற வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். நிலத்துக்காரர்களுக்கு ஒன்று: கிடைக்கு ஆள் வந்து இறங்கிய அன்றே, இரவில் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனை பக்கத்தில் எது, அதற்கு எந்த வழி என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்குத் தெரியாது.