திரும்பும் குழாயைப் பெரிதாகப் போடுங்கள்

ஆறு வாளிகளையும் ஒரு தொட்டியையும் அரை அங்குலக் குழாயால் இணைத்து, மோட்டார் வைத்து உரத் தண்ணீரைச் சுற்றவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாடியில் மண்ணே இல்லாமல், வேரைத் தண்ணீரில் விட்டுக் காய்கறி வளர்க்க அருமையான வழி. ஆனால் வாளிகளிலிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் குழாயை மட்டும் ஒன்றரை அங்குலமாவது வையுங்கள். உள்ளே வரும் தண்ணீரை மோட்டார் தள்ளுகிறது. வெளியே போவது வெறும் சாய்வில்தான். தக்காளி வேர் வளர்ந்து அந்தக் குழாயின் வாயை அடைத்தால் வாளி வழிந்து தொட்டி காலியாகிவிடும். குழாய் வாய்க்கு வலையும் கட்டுங்கள்.

எங்கள் வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். கடலோரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பு. சுற்றி வரும் அமைப்பில் செடி தண்ணீரைக் குடித்துவிடும், உப்பிலுள்ள சோடியம் தங்கிக்கொண்டே போகும். மழைநீர் பிடித்து வைப்பதே சிறந்தது, இல்லையென்றால் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீர். அந்த இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் இருக்கும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5க்குள் இருந்தால் சரி.

அப்புறம் வெயில். வேர் மூச்சுவிட தண்ணீரில் ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதத்தில் வேர் அழுக இதுவே பெரிய காரணம். தொட்டியை மாடிப்படி நிழலில் வைத்து, வாளிகளுக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள். கரண்ட் போனாலும் ஓடும்படி பேட்டரியில் இயங்கும் மீன்தொட்டிக் காற்று மோட்டார் ஒன்று அவசியம். மீன்தொட்டிச் சாமான் கடைகளில் விசாரியுங்கள்.