கடைசி ஆளுக்கும் ஒரு டீ

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னை ஈ.சி.ஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே பின்விளக்குகள் சிவப்பாய் மினுங்க, கும்பல் கும்பலாகச் சைக்கிள்கள் தெற்கே போய்க்கொண்டிருக்கும். அதில் ஒரு கும்பலில் நானும் ஏழெட்டு வருடமாக இருக்கிறேன். முன்னால் போகிறவனாகவும் இருந்திருக்கிறேன், முழங்கால் வலியோடு கடைசியில் வருகிறவனாகவும் இருந்திருக்கிறேன். இந்தப் பதிவை எழுதவைத்தது அந்த இரண்டாவது அனுபவம்.

வாட்ஸப் அறிவிப்பு எப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும். "ஜாலி ரைடு, மணிக்கு 22 கிலோமீட்டர்தான், யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம், புதியவர்கள் தாராளமாக வரலாம்." திருவான்மியூரில் கிளம்பி நீலாங்கரை தாண்டும்வரை அந்த வாக்கு நிற்கும். உத்தண்டி டோல்கேட்டுக்கு அப்புறம் யாரோ ஒருவருக்குக் கால் துறுதுறுக்கும். அவர் 25-க்குப் போவார். பக்கத்தில் வருபவர் விடுவாரா? அரைச் சக்கரம் முன்னே வைப்பார். ஐந்தே நிமிடத்தில் 32. ரேஸ் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேகம் கூடக் கூட, மிதிக்கிற உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் அதில் கணிசமாக மிச்சமாகும். 50 மீட்டர் பின்தங்கிவிட்டால் அந்த மறைவு போச்சு. ஆக, கூட்டத்திலேயே தெம்பு குறைந்தவர்தான் முழுக் காற்றையும் தனியாக வாங்கிக்கொள்கிறார். மார்கழியில் மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்பிப் பாருங்கள், வாடைக்காற்று முகத்தில் அறையும். போகவர 80 கிலோமீட்டருக்கு மேல். அதில் பாதி தூரம் தன்னந்தனியாக என்றால் அது என்ன குரூப் ரைடு?

இதைவிட எரிச்சல் கோவளம் டீக்கடையில். முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் டீ குடித்து, வடை தின்று, செல்ஃபி எடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து 20 நிமிடம் ஆகியிருக்கும். அப்போதுதான் கடைசி ஆள் வந்து வண்டியைச் சுவரில் சாய்ப்பார். ஹெல்மெட் வாரைக்கூட அவிழ்த்திருக்க மாட்டார். "வாங்க சார், உங்களுக்காகத்தான் வெயிட்டிங். கிளம்பலாமா?" அவரும் சிரித்துக்கொண்டே "போலாம், போலாம்" என்பார். வேறென்ன சொல்வார்? ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு ஓய்வு கிடையாது. நாம் என்னவோ அவருக்காகக் காத்திருந்து பெரிய உபகாரம் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான்: கடைசி ஆள் டீ கிளாஸைக் கையில் வாங்கியதிலிருந்து ஓய்வு நேரத்தைக் கணக்கு வையுங்கள்.

ரோட்டுப் பள்ளத்தைப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவதைப் பற்றி எனக்கு உபதேசம் செய்ய யோக்கியதை இல்லை. பனையூர் பக்கம் ஒருமுறை பேச்சு சுவாரஸ்யத்தில் கடைசி நொடியில் பள்ளத்தைப் பார்த்தேன். நான் மட்டும் சட்டென்று ஒடித்துத் தப்பித்துவிட்டேன். கை காட்டவில்லை, குரலும் கொடுக்கவில்லை. பின்னால் வந்த பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் என் முதுகுதான். நேராக உள்ளே இறங்கினார். ரிம் நெளிந்தது, முழங்கை தோல் உரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார். அதிலிருந்து காகிதம் கிடந்தால்கூட நான் கத்துகிறேன். கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

அப்புறம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்காதீர்கள். உரசினால் விழப்போவது நீங்கள்தான், அவர் இல்லை. பேசிக்கொண்டே மூன்று பேர் பக்கம் பக்கமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். மீன் கூடையைக் கட்டிக்கொண்டு இரும்புச் சைக்கிளில் எதிரே வருகிற பெரியவருக்கும் அதே ரோடுதான். நம்மைப்போல அவர் பொழுதுபோக்குக்கு வரவில்லை. ஒன்றரை லட்ச ரூபாய் வண்டியில் இருந்துகொண்டு அவரைப் பார்த்து "ஓரமா போங்க" என்று ஒருவர் கத்தியதை நானே கேட்டேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டுதான் மிதித்தேன்.

வருகிற ஞாயிறு நான்தான் ஸ்வீப், கடைசி ஆளோடு கடைசியாக வருவேன். பஞ்சரானால் ஒட்டித் தருகிறேன். ஆனால் அவரவர் டயர் அளவுக்கு ஒரு டியூப் கொண்டுவந்துவிடுங்கள். என் பையில் இருக்கிற 700 சி டியூபை (அதைவிடப் பெரிய ரோடு சைக்கிள் சக்கரத்துக்கானது) 26 இஞ்ச் சக்கரத்தில் திணிக்கச் சொல்லி போன வாரம் ஒருவர் அடம்பிடித்தார்.