மைப்பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: முக்கியக் குறிப்புகளை மைப்பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றி எழுதினால் அழியவே அழியாதாம்.

பாதி சரி. அந்த மை காகிதத்தில் நிலைக்கும், ஆனால் அது தொட்டு எழுதும் முனைக்கும் தூரிகைக்கும் ஆனது. அதில் கரித்தூளோடு பெரும்பாலும் அரக்கு போன்ற பசையும் இருக்கும், பேனாவுக்குள் காய்ந்தால் மை இறங்கும் நுண்ணிய தடம் அடைத்துக்கொள்ளும், அப்புறம் வெறும் தண்ணீரில் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் சரியாவது கடினம். கோயில் கணக்கு எழுதிய அப்பாவின் பேனாவை நான் இப்படித்தான் இழந்தேன்.

மைப்பேனாவுக்கென்றே நிலைக்கும் மைகள் இருக்கின்றன. பிளாட்டினம் நிறுவனத்தின் கார்பன் பிளாக் நிறமித் துகள் மை. பெலிக்கன் நிறுவனத்தின் 4001 புளூ-பிளாக் இரும்பு உப்பு சேர்ந்த வகை. எழுதிய பின் காற்றுப் பட்டுக் கறுத்துக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் திருமணப் பதிவேடுகளை இவ்வகை மையில்தான் எழுதி வந்தார்கள். இரண்டையும் பேனாவில் காயவிடக் கூடாது, அடிக்கடி கழுவ வேண்டும்.

போத்தலில் 'பர்மனென்ட்' என்று போட்டிருந்தாலே தண்ணீர் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். நீங்களே சோதிக்கலாம்: ஒரு வரி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பேனாவுக்கு ஏற்றதா என்பதைப் போத்தல் லேபிளிலும் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலும் பார்க்கலாம்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஊற்றியவர்கள் மை காய்வதற்குள் இன்றைக்கே பேனாவைக் கழுவிவிடுங்கள்.