நாராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஜப்பானின் புத்தர் கோயில்களைப் பற்றிய கட்டுரையைக் கியோட்டோவோடு நிறுத்திவிட்டீர்களே, மனசு கேட்கவில்லை. அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான் நாரா. தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். 752-ல் அவருக்குக் கண் திறந்தவர், இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தத் தூரிகை இன்றும் பத்திரமாக இருக்கிறது. நம் ஊர் ஸ்தபதி கடைசியாகக் கண் திறப்பதை நேரில் பார்த்தவள் நான். அங்கே நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போதுள்ள மண்டபம் 1709-ல் முடிந்தது, பழையது இன்னும் அகலம். அப்புறம், காலை 8 மணிக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்குள் அந்த முகத்தை நிதானமாகப் பார்க்கலாம்.