968 வந்தால் 968 என்றே எழுதட்டும்

பி.எஸ்சி. இயற்பியல் பாடத்திட்டம் எதையாவது டவுன்லோடு செய்து பாருங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து கற்றல் விளைவுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கே1, கே2, கே3 என்று புளூம் படிநிலை, அதாவது நினைவில் வைப்பதா, புரிந்துகொள்வதா, பயன்படுத்துவதா என்று கற்றலின் ஆழத்தைச் சொல்லும் குறி. கடைசியில் ஒரு கட்டம், அதற்குள் 3, 2, 1. வெப்பவியல் தாளின் மூன்றாவது விளைவு 'அறநெறி உணர்வு' என்ற பட்டப்படிப்பு நோக்கத்துக்கு எவ்வளவு துணை செய்கிறது என்று எண் போட வேண்டும். பெரும்பாலும் 2 போட்டுவிடுவோம். 3 போட்டால் யாராவது விளக்கம் கேட்பார்கள், 1 போட்டால் சராசரி இறங்கும்.

இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷம் படித்த பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு துறை உட்கார்ந்து யோசிப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த இலக்கு எட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டிய இடம் பிராக்டிக்கல் லேப். அங்கே என்ன நடக்கிறது?

காம்பவுண்ட் பெண்டுலத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வருஷத்திலேயே வந்துவிடும். துளை போட்ட உலோகப் பட்டையைக் கத்திமுனையில் மாட்டி ஆடவிட்டு, 20 அலைவுக்கு ஸ்டாப் வாட்ச் அழுத்தி, கிராஃப் போட்டு g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் அது 980 செ.மீ./விநாடி². 20 அலைவுக்கு ஏறக்குறைய 32 விநாடி ஆகும். அழுத்தும்போதும் நிறுத்தும்போதும் கை தாமதிப்பதில் 0.2 விநாடி பிசகினால் நேரத்தில் 0.6 சதவீதப் பிழை. சூத்திரத்தில் அலைவுக் காலம் வர்க்கமாக வருவதால் g-யில் அது 1.2 சதவீதமாகிறது, அதாவது கூடக்குறைய 12. பல ரீடிங் எடுத்து கிராஃப் போட்டால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆக 968 கொண்டுவரும் பெண் தப்பு எதுவும் செய்யவில்லை. 968 ± 12 என்று எழுதினால் அது முழுக்கச் சரியான விடை.

எழுத விடுகிறோமா? "980 வரலையே, போய் திரும்பப் பாரு" என்கிறோம். அவள் திரும்பப் பார்ப்பது சீனியரின் ரெக்கார்டு நோட்டை. பத்து நிமிஷத்தில் 979.8 வந்துவிடும்.

இதில் பெரிய வேடிக்கை, சென்னையில் g 980-ஏ கிடையாது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அது 978.3-ஐ ஒட்டித்தான் இருக்கும். உண்மையிலேயே அருமையாக அளந்து 978 கொண்டுவந்த பையனும் அதை அடித்துவிட்டு 980 ஆக்குகிறான். அறநெறி உணர்வுக்கு 2 போட்ட அதே துறையில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ரீடிங்கை 'குக்' பண்ண, அதாவது இட்டுக்கட்டப் பழக்குகிறோம்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு மேசைக்கு நாலு பேர், தேய்ந்துபோன கத்திமுனை, மார்க் பிரிப்பில் ரிசல்ட்டுக்கென்று தனி மார்க். 968-க்கு மார்க் போகும் என்றால் எந்தப் பிள்ளை 968 எழுதும்?

சி.வி. ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1906-ல் லண்டனின் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் வந்தபோது அவருக்கு 18 வயது. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவர். இன்றும் நம் பிள்ளைகள் செய்யும் அதே ஸ்பெக்ட்ரோமீட்டர், அதே முப்பட்டகக் கோணம். அதை அளக்கும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் (ஒளி விளிம்பில் வளைவதால் விழும் வெளிச்ச, இருட்டுக் கோடுகள்) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே என்று கவனித்ததிலிருந்து வந்த கட்டுரை அது. எல்லாரும் ராமன் ஆக வேண்டியதில்லை. ஆனால் இன்று ஒரு பிள்ளை அப்படி ஒன்றைப் பார்த்துச் சொன்னால், "அதெல்லாம் புரொசீஜரில் இல்ல, வெர்னியரைப் படி" என்பதுதான் பதிலாக இருக்கும்.

"நம்ம பசங்க பாதிப் பேர் பி.எட்., மீதிப் பேர் டிஎன்பிஎஸ்சி, இதெல்லாம் எதுக்கு சார்?" என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். பி.எட். போவதால்தான் கவலைப்படுகிறேன். நாளைக்குப் பள்ளி லேபில் நின்றுகொண்டு 980 வரவில்லையே என்று அதட்டப் போவது அவர்கள்தான்.

எனக்குத் தேவை ஒரே ஒரு கற்றல் விளைவு: தான் அளந்த எண்ணை அதன் பிழை வரம்போடு எழுதி, ஏன் அவ்வளவு பிழை என்று சொல்லத் தெரிய வேண்டும். பிழைக் கணக்கீட்டை முதல் செமஸ்டரிலேயே லேபோடு சேர்த்து நடத்துங்கள். ரிசல்ட் மார்க்கை எடுத்து பிழை வரம்புக்குக் கொடுங்கள். இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

இந்த செமஸ்டர் எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகப் போகிறவர்கள் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யங் குணகத்தின் வரையறையைக் கேட்பதற்குப் பதில், "இந்த ரீடிங்கில் எந்த இலக்கம் வரை நம்பலாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் மார்க்கைக் குறைக்காதீர்கள். இன்டர்னல் எக்ஸாமினரைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்.