தாடையில் குணம் எழுதியிருக்காது சார்

"சதுரத் தாடையும் அகல மூக்கும் இருந்தால் முரட்டு ஆள், லோம்ப்ரோசோ அறிவியல்படி நிரூபித்தது, சந்தேகம் என்றால் காசிமேடு போய்ப் பாருங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். லோம்ப்ரோசோ என்ற அந்த மருத்துவர் நிரூபிக்கவில்லை சார், சொன்னார், அவ்வளவுதான். 1876-ல் இத்தாலியில் கைதிகளின் மண்டை, தாடை, காது எல்லாம் பார்த்து எழுதிய கதை அது. அப்புறம் சார்லஸ் கோரிங் என்ற இங்கிலாந்து சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, சாதாரண ஆட்களோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது என்று 1913-லேயே முடித்துவிட்டார்.

இந்தக் கூத்து நம்ம ஊரிலும் நடந்தது. எழும்பூர் மியூசியத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து ஜனங்களின் மூக்கை அளந்தார். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும், அந்த எண்ணை வைத்து ரிஸ்லி என்ற அதிகாரி சாதிகளையே மேலே கீழே அடுக்கினார். மூக்கின் அகலத்துக்கு முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் தொடர்பு உண்டு. குணத்தோடு என்ன தொடர்பு?

வட்டம், சதுரம் என்று முகத்தைப் பிரிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. தண்டையார்பேட்டையில் எனக்கு முடி வெட்டும் அண்ணன் இரண்டு விரலால் தாடையைத் திருப்பிப் பார்த்து, "சதுர மூஞ்சி, சைடுல ரொம்ப ஏத்த வேணாம்" என்பார். அதோடு சரி. நான் காசிமேடுதான், தாடையும் சதுரம்தான்.